‘மாயமான’ 2 இளம்பெண்களும், பாடம் படித்த நீதிபதியும்: கோர்ட்டு சொன்னதும் ஊர் செய்வதும்

"கடைக்கு போயிட்டு வரேன்னு சொல்லிட்டு போன பொண்ணு வீடு திரும்பலை சார். கூட படிச்ச பொண்ணு மேலதான் சந்தேகம்."

இப்படி ஒரு புகார் போலீஸ் நிலையத்துக்கு வந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? செல்போன் டவரை வைத்து ஆளை தேடி பிடிப்பார்கள். பெற்றோர் ஸ்டேஷன் வாசலில் அழுவார்கள். போலீசார் ‘அறிவுரை கூறி’ பெண்ணை வீட்டோடு அனுப்பி வைப்பார்கள். மறுநாள் பேப்பரில் 5 வரி செய்தி வரும். அதோடு கதை முடிந்தது. வீட்டுக்கு போன பிறகு அந்த பெண்ணுக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதுவது இல்லை.

ஆனால் மதுரையை சேர்ந்த 2 இளம்பெண்கள் விஷயத்தில் கதை இப்படி முடியவில்லை. ஒருவருக்கு 22 வயது, இன்னொருவருக்கு 20. ஒருவரை ஒருவர் விரும்பிய அவர்கள் வீட்டு எதிர்ப்புக்கு பயந்து சென்னைக்கு வந்தனர். ‘மகளை காணவில்லை’ என்று 2 வீட்டிலும் புகார் கொடுத்தார்கள். போலீசார் தேடி வந்து விசாரிக்க, பாதுகாப்பு கேட்டு இருவரும் 2021-ல் சென்னை ஐகோர்ட்டு படி ஏறினர்.

ஒப்புக்கொண்ட நீதிபதி

வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அவர் உடனே தீர்ப்பு சொல்லிவிடவில்லை. 2 பெண்களையும் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றை செய்தார். இந்த விஷயத்தில் தனக்கே சரியான புரிதல் இல்லை, தானும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, ஆலோசகர் முன்பு அவரும் போய் உட்கார்ந்தார். ஐகோர்ட்டு நீதிபதி ஒருவர் ‘எனக்கு தெரியாது’ என்று ஏட்டில் எழுதி வைப்பது எத்தனை அபூர்வம் என்பதை கோர்ட்டு வாசலில் டீக்கடை வைத்திருப்பவர்கூட சொல்வார்.

பெற்றோர் தரப்பையும் குறை சொல்லி தள்ளிவிட முடியாது. அவர்கள் கவலை எல்லாம் மானம், சொந்தபந்தம், வம்சம், மகள்களின் பாதுகாப்பு. பெண்ணோடு பெண் வாழ்வதைவிட, கல்யாணமே இல்லாமல் மகள் தனியாக இருந்துவிட்டால்கூட கவுரவமாக இருக்கும் என்ற மனநிலையில்தான் அவர்கள் இருந்தார்கள் என்று ஆலோசகரின் அறிக்கை சொன்னது. எந்த தெருவில் விசாரித்தாலும் இந்த பதில்தான் வரும்.

2021 ஜூன் 7-ந்தேதி உத்தரவு வந்தது. இருவரும் மேஜர், சுயவிருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீசார் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு ‘காணவில்லை’ புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை கொடுக்க கூடாது என்று நீதிபதி கூறினார். மருந்து, ‘சிகிச்சை’ என்று சொல்லி மனதை மாற்ற முயற்சிப்பதற்கும் தடை போட்டார்.

அடுத்த ஆண்டு போலீசாருக்கான நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதியை தமிழக அரசு சேர்த்தது. இந்த சமூகத்தினரையும், அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் போலீசார் துன்புறுத்த கூடாது என்பதுதான் அந்த விதி. ‘குணப்படுத்துகிறேன்’ என்று டாக்டர்கள் கிளம்பினால் அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் அறிவித்தது. நோய் பட்டியலில் இருந்து இதை உலக சுகாதார அமைப்பு நீக்கியது 1990-ல். நம்மூர் மருத்துவத்துக்கு அந்த சேதி வந்து சேர 32 வருஷம் ஆகியிருக்கிறது!

4 வருஷம் கழித்து அதே கதை

விதி வந்தால் எல்லாம் மாறிவிடுமா? 2025 மே மாதம் இன்னொரு வழக்கு ஐகோர்ட்டுக்கு வந்தது. 25 வயது பெண்ணை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். மனுவில் ‘நெருங்கிய தோழி’ என்றுதான் எழுதியிருந்தார். உள்ளதை அப்படியே சொல்ல தயக்கம். அந்த தயக்கம் புரிகிறது என்று நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் இருவரும் குறிப்பிட்டனர்.

கோர்ட்டில் ஆஜரான அந்த பெண் எதையும் மறைக்கவில்லை. தோழியோடு போகவே விரும்புகிறேன் என்றார். வலுக்கட்டாயமாக வீட்டுக்கு இழுத்து போனார்கள், அடித்தார்கள், ‘சரியாக்க’ சடங்கு செய்ய வைத்தார்கள் என்றும் சொன்னார். உதவி கேட்டபோது போலீசார் கைகொடுக்கவில்லை என்பதற்காக நீதிபதிகள் கண்டனம் தெரிவித்தனர். அந்த பெண் விருப்பப்படி போகலாம், குடும்பத்தார் தடுக்க கூடாது, தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்பு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு ஆனது. கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்று இல்லை, தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றும் கூறினார்கள்.

2021 உத்தரவும் 24-சி விதியும் நடைமுறையில் இருக்கும்போதே இது நடந்திருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். உத்தரவு தலைமை செயலகம் வரை போய்விட்டது. ஸ்டேஷன் ரைட்டர் மேஜைக்கு வந்து சேரவில்லை. அந்த பெண்ணுக்காக ஐகோர்ட்டு வரை போக ஒரு தோழி இருந்தார். அப்படி யாரும் இல்லாத பெண்ணின் கதி?

‘ஒம்போது’ என்றால் எண் அல்ல

ஒரு எண்ணையே வசவாக மாற்றிய பள்ளிக்கூடங்கள் நம்முடையவை. நடையில் கொஞ்சம் நளினம் இருந்தால் போதும், பையனுக்கு ‘ஒம்போது’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து பெஞ்சு பையன் ஆரம்பித்து வைப்பான். சில இடங்களில் வாத்தியாரே சிரித்துவிட்டு போவார்.

2021 உத்தரவில் பள்ளி, கல்லூரிகளுக்கும் வேலை கொடுத்திருந்தார் நீதிபதி. பெற்றோர் ஆசிரியர் கழக கூட்டத்திலேயே இதைப்பற்றி பேசுங்கள், பெற்றோருக்கு புரிய வையுங்கள் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் பீஸ், பஸ், ரிசல்ட் தாண்டி அந்த கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள் என்பது பிள்ளைகளை படிக்க வைப்பவர்களுக்கு தெரியும்.

ஆசிரியர்களுக்கு என்று தேசிய கல்வி ஆராய்ச்சி கவுன்சில் 2021-ல் ஒரு பயிற்சி கையேடு தயாரித்தது. பள்ளியில் திருநர் குழந்தைகளை எப்படி நடத்துவது என்பது பற்றியது அது. எதிர்ப்பு கிளம்பியதும் இணையதளத்தில் இருந்து அவசரமாக தூக்கிவிட்டார்கள். ஐகோர்ட்டு இதற்கும் அதிருப்தி தெரிவித்தது.

பத்திரிகைகள் மட்டும் யோக்கியமா?

தலைப்பு வைப்பதில் மாலை பத்திரிகைகளும் சளைத்தவை அல்ல. ‘விபரீத ஆசை’, ‘இயற்கைக்கு மாறான உறவு’, ‘தோழியுடன் ஓட்டம்’ என்று பல வருஷம் அச்சடித்து விற்றாகிவிட்டது. கொலை வழக்கில் சிக்கியவர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்தால் தலைப்பு இரண்டு மடங்கு பெரிதாகும்.

மரியாதையான சொற்கள் வேண்டும் என்று கோர்ட்டு கேட்டதால், 2022 ஆகஸ்டில் தமிழக அரசு ஒரு சொல் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. தன்பால் ஈர்ப்பு, ஊடுபால், பால்புதுமையர், திருநர் என்ற சொற்கள் எல்லாம் அதில் வருகின்றன. படிக்க கொஞ்சம் புதுசாக இருக்கலாம். ‘திருநங்கை’ என்ற சொல்கூட ஒரு காலத்தில் புதுசுதான். இன்று அதை கேட்டு யாரும் முழிப்பது இல்லை.

சினிமாவிலும் ரொம்ப காலம் இது காமெடி டிராக் சமாச்சாரமாகவே இருந்தது. 2023 நவம்பரில் மலையாளத்தில் ‘காதல் தி கோர்’ வந்தது. உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கும் மம்முட்டியிடம் மனைவி ஜோதிகா விவாகரத்து கேட்பார். காரணம், கணவர் தன்பால் ஈர்ப்பாளர். ‘ஒரு கல்யாணத்தை பண்ணி வெச்சா சரியாயிடும்’ என்று சொல்லும் பெரியவர்கள் அந்த மனைவியை பார்க்க வேண்டும். இப்படி கட்டி வைக்கும் கல்யாணத்தில் கருகுவது ஒரு வாழ்க்கை அல்ல, இரண்டு. தமிழில் 2025 காதலர் தினத்தில் ‘காதல் என்பது பொதுவுடைமை’ வந்தது. ரோகிணி அம்மா, லிஜோமோள் ஜோஸ் மகள்.

ஓட்டத்தில் ஜெயித்தவர்

விளையாட்டில் சொல்ல ஒரு பெயர் உண்டு. ஒடிசாவில் நெசவாளர் வீட்டில் பிறந்த டூட்டி சந்த். 2018 ஆசிய போட்டியில் 2 வெள்ளி வாங்கியவர். 2019 மே மாதம், தன் ஊர் பெண் ஒருவரோடுதான் வாழ விரும்புகிறேன் என்று வெளிப்படையாக சொன்னார். சொந்த வீட்டிலேயே எதிர்ப்பு. 2 மாதம் கழித்து இத்தாலியில் நடந்த உலக பல்கலைக்கழக போட்டியில் 100 மீட்டரை 11.32 வினாடியில் ஓடி தங்கம் வென்றார். பிறகு 2023-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் 4 ஆண்டு தடை வாங்கியது வேறு கதை.

தாயத்தும் சட்டமும்

377-வது பிரிவு நம் சாமிகள் கொடுத்தது அல்ல, 1860-ல் வெள்ளைக்காரன் எழுதியது. 2009-ல் டெல்லி ஐகோர்ட்டு அதை தளர்த்தியபோது அப்பீல் போனவர் ஒரு ஜோதிடர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளும் அதே பக்கம் நின்றன. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். 2013-ல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 2018 செப்டம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றியது. மேஜர்கள் சம்மதத்தோடு இருப்பது குற்றம் இல்லை என்றது. 2024 ஜூலையில் வந்த புது சட்டத்தில் அந்த பிரிவே கிடையாது.

கூவாகம் கூத்தாண்டவர் கோவிலில் சித்திரையில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதை ஊரே கும்பிட்டு வரவேற்கிறது. அதே ஊர்க்காரர் தன் மகள் விஷயம் என்றால் மந்திரித்த தாயத்து தேடி போகிறார். சாமிக்கு முன்னால் ஒரு நியாயம், வீட்டுக்குள் ஒரு நியாயம்.

கல்யாண உரிமையை பொறுத்தவரை, 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு கையை விரித்துவிட்டது. அதன் பிறகு மத்திய அரசு 2024-ல் சில சலுகைகளை அறிவித்தது. ஒன்றாக வாழும் துணைவரை ஒரே ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாக கருதலாம். பேங்கில் ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கலாம், நாமினியாக போடலாம். நெருங்கிய சொந்தங்கள் வராதபோது துணைவரின் உடலை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கலாம். ஆனால் உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால், கூடவே வாழ்ந்தவர் தாலுகா ஆபீசில் வாரிசு சான்றிதழ் வாங்க வழி இல்லை. அது அடித்து விரட்டிய அண்ணன் தம்பிக்குத்தான் கிடைக்கும்.