புதிய மடிக்கணினி வேண்டாம், அப்பா

கடந்த பருவத்தில், வெப்பநிலைப் பதிவுகள் அடங்கிய ஒரு பெரிய கோப்பை ஆராயும் இடுபணி எங்களுக்குக் கிடைத்தது. ஏறக்குறைய 200 மில்லியன் எண்கள். பைதான் நிரலை ஓட்டினேன், மடிக்கணினி உறைந்துபோனது. சுட்டியை நகர்த்தினால் அரை நிமிடம் கழித்துத்தான் திரையில் அம்புக்குறி அசைந்தது.

"8 ஜிபி நினைவகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? 16 ஜிபி வாங்கு" என்றார்கள் நண்பர்கள். என்னுடையதில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, கூட்ட முடியாது. வாங்குவதென்றால் புதிய மடிக்கணினிதான். லாரி ஓட்டும் அப்பா மறுக்கவில்லை. "எவ்வளவு ஆகும்மா?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பைதான் பட்டியலில் ஒரு தசம எண் 24 பைட் பிடிக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரிக்கு இன்னும் 8 பைட். ஆக 32. அதை 200 மில்லியனால் பெருக்கினால் 6.4 ஜிபி! விண்டோஸும் உலாவியும் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும் 8 ஜிபியில் இது எப்படி அடங்கும்? அடங்காததை இயங்குதளம் சிறு சிறு பக்கங்களாக வட்டுக்கு அனுப்புகிறது. நிரல் கேட்கும்போது திரும்பக் கொண்டுவருகிறது. வட்டோ நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. என் கணினி கணக்கே போடவில்லை, பக்கங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

இதன் பெயர்தான் மெய்நிகர் நினைவகம். வெட்கக்கேடு என்னவென்றால், முந்தைய தேர்வில் இதற்கு விளக்கம் எழுதி முழுப் புள்ளிகள் வாங்கியவள் நான். 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் இது வந்தது என்பதுகூட மனப்பாடம். கண்ணெதிரே நடந்தபோதுதான் அடையாளம் தெரியவில்லை.

அதே எண்களை நம்பை அணியில் வைத்தால் எண்ணுக்கு 8 பைட், மொத்தம் 1.6 ஜிபி. வெப்பநிலைக்கு 4 பைட் துல்லியமே தாராளம், அப்படியானால் 0.8 ஜிபி. சராசரி மட்டும் வேண்டுமென்றால் அதுவும் தேவையில்லை. கோப்பைப் பகுதி பகுதியாகப் படித்து, கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். நிரலில் பத்து வரிகளை மாற்றினேன். பழைய மடிக்கணினியிலேயே வேலை முடிந்தது.

காணொளித் தொகுப்பு செய்பவர்களுக்கு உண்மையிலேயே அதிக நினைவகம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடுபணிக்காகப் பெற்றோரின் சேமிப்பில் கைவைக்கும் முன், தன் நிரல் எத்தனை பைட் கேட்கிறது என்று ஒரு மாணவருக்குக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு விரிவுரையாளர்களும் உதவலாம். வினாத்தாளில் விளக்கம் கேட்பதோடு நிறுத்தாமல், "உங்கள் நிரல் 2 ஜிபிக்குள் ஓட வேண்டும்" என்று இடுபணித் தாளில் ஒரு வரி சேர்க்கட்டும். அந்த வரி இருந்திருந்தால் அப்பாவிடம் நான் பேச்சே எடுத்திருக்க மாட்டேன்.