தாந்தேயை எளிதாக்கலாம், வெள்ளையடிக்கலாகாது

பழைய காவியமொன்றை இன்றைய எளிய ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்தால் அதன் உயிர் போய்விடும் என்று எம்மவருள் ஒரு சாரார் சொல்லி வருகின்றனர். வாசகனைச் சென்றடைய வேண்டுமென்றால் எதைச் செய்தாலும் சரியே என்பது இன்னொரு சாராரின் கட்சி. இவ்விரு சாராரோடும் எனக்குப் பிணக்கு உண்டு. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘தெய்வீக இன்பியல்’ காவியத்தை முன்வைத்து அதனைச் சொல்கிறேன்.

எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. கிராமத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் நான் தாந்தேயை ஆங்கிலத்தின் வழியாகவே வாசித்தவன். இத்தாலிக்கு வெளியே அவரை வாசிப்போரில் பெரும்பாலோரின் நிலையும் இதுதான். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாத வாசகன் மொழிபெயர்ப்பாளரின் நேர்மையை நம்பியே புத்தகத்தைத் திறக்கிறான். ஆகவே அவர் எதைத் தருகிறார், எதை மறைக்கிறார் என்று கேட்கும் உரிமை அவனுக்குண்டு.

முதலில் எளிமையைப் பழிப்போருக்கு ஒரு வார்த்தை. 1321 இல் மறைந்த தாந்தே, விரும்பியிருந்தால் அறிஞர் மொழியான லத்தீனில் இக்காவியத்தைப் பாடியிருக்கலாம். அவர் தெரிவு செய்தது தெருவில் பேசப்பட்ட தொஸ்கானா மொழியை. இத்துணை உயர்ந்த விடயத்தைப் பாமரர் மொழியில் பாடலாமா என்று பொலோஞா நகரத்து அறிஞர் ஜொவான்னி தெல் விர்ஜிலியோ லத்தீன் கவிதை எழுதியே அவரைக் கடிந்துகொண்டார். இன்று எளிய ஆங்கிலத்தைக் கண்டு முகம் சுழிப்போர் தாந்தேயின் பக்கத்திலா, அந்த அறிஞரின் பக்கத்திலா நிற்கின்றனர்?

மூன்று காண்டங்கள், நூறு படலங்கள், 14,233 அடிகள் கொண்டது இக்காவியம். மும்மூன்று அடிகளாகச் செல்லும் இதன் யாப்பில் ஒவ்வொரு இயைபும் மூன்று முறை வந்து, அடுத்தடுத்த கண்ணிகளைச் சங்கிலிபோல் பிணைக்கிறது. இத்தாலியத்தில் பெரும்பாலான சொற்கள் உயிரொலியில் முடிவதால் இயைபுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலத்திலோ பெரும் பஞ்சம். 1814 இல் முழுக் காவியத்தையும் வெளியிட்ட ஹென்றி கேரி இயைபைக் கைவிட்டு மில்ட்டனின் நடையில் ஏறிக்கொண்டார். 1867 இல் லோங்ஃபெலோ அடிக்கு அடி ஒட்டி நடந்தார். 1949 இல் நரக காண்டத்தை வெளியிட்ட டொரதி சேயர்ஸ் சங்கிலி அறாமல் காத்தார். அதற்கு விலையாகப் பழஞ்சொற்களையும் முறுக்கிய வாக்கியங்களையும் ஏற்றுக்கொண்டார். 1954 இல் ஜோன் சியார்டி நடு அடியை இயைபிலிருந்து விடுவித்தார். 2000 முதல் 2007 வரை மூன்று காண்டங்களையும் தந்த ஹொலாண்டர் தம்பதியர் இயைபையே விட்டனர். ஆனால் எதிர்ப்பக்கத்தில் மூலத்தை அச்சிட்டு, விரிவான குறிப்புகளையும் சேர்த்தனர்.

இவர்கள் எல்லோரும் எதையோ இழந்தவர்கள்தாம். ஆனால் இழந்தது ஓசையை, அதை மறைக்கவுமில்லை. பொருளில் அவர்கள் கத்திரிக்கோல் வைக்கவில்லை. எளிமையின் எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோட்டைத் தாண்டிய செய்தி டச்சு மொழியிலிருந்து வந்தது. தாந்தே மறைந்த எழுநூறாவது ஆண்டான 2021 இல், இளம் வாசகருக்கும் எட்டவேண்டும் என்று வெளியான நரக காண்டத்தின் டச்சு மொழிபெயர்ப்பில் 28 ஆவது படலத்திலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயர் நீக்கப்பட்டது. வாசகர் மனம் புண்படக்கூடாது என்பதே சொல்லப்பட்ட நியாயம்.

‘நல்லதுதானே, எமக்கு ஏன் வருத்தம்?’ என்று கேட்கலாம். அப்படலத்தில் தாந்தே நபிகளாரையும் அலி (ரலி) அவர்களையும் பிளவை விதைத்தோர் நடுவே நிறுத்துகிறார். எந்த முஸ்லிமும் நெஞ்சு எரியாமல் அதை வாசிக்க முடியாது. எனினும் நான் கேட்பது இதுதான்: அந்தப் பெயரை நீக்கியதால் காப்பாற்றப்பட்டவர் யார்? எம் நபியின் மாண்பு ஒரு கவிஞனின் வரியால் குறைந்துவிடப் போவதில்லை. ஒரு பதிப்பகத்தின் தயவால் கூடிவிடப் போவதுமில்லை. காப்பாற்றப்பட்டவர் தாந்தே. இஸ்லாத்தைக் கிறிஸ்தவத்திலிருந்து பிரிந்த ஒரு பிளவாகவே பார்த்த இடைக்கால ஐரோப்பாவின் அறியாமை அந்த வரியில் பதிந்து கிடக்கிறது. பெயரை எடுத்துவிட்டால் அந்தச் சாட்சியமும் போய்விடும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு வாசித்து, கோபப்பட்டு, பதில் சொல்லும் தகைமை இல்லை என்ற எண்ணமும் இந்தக் கரிசனத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில் அதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று. இதே காண்டத்தின் 4 ஆவது படலத்தில், தண்டனையின் வேதனை இல்லாத இடத்தில், ஹோமரும் அரிஸ்டோட்டிலும் இருக்குமிடத்தில், இப்னு ஸீனாவும் இப்னு ருஷ்தும் இருக்கின்றனர். சுல்தான் ஸலாஹுத்தீன் தனியே ஒதுங்கி நிற்கிறார். எம் அறிஞரை மதித்த அதே கைதான் எம் நபியை இழித்தும் எழுதியது. இந்த முரணை முழுதாகக் கண்டால்தான் தாந்தேயையும் அவர் காலத்தையும் விளங்கிக்கொள்ளலாம்.

மிஃராஜ் பயணத்தைச் சொல்லும் அரபு நூலொன்று காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்போன்சோவின் அவையில் மொழிபெயர்க்கப்பட்டு, 1264 இல் சியெனா நகரத்துப் பொனவெந்துராவால் பிரெஞ்சுக்கும் சென்றது. தாந்தேயின் மறுமைப் பயணத்துக்கு இஸ்லாமிய மூலங்கள் உண்டென்று ஸ்பானியப் பாதிரியார் அசின் பலாசியோஸ் 1919 இல் வாதிட்டபோது ஐரோப்பா கொதித்தது. தாந்தே அவற்றை அறிந்திருந்தாரா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. மிகுராசு மாலை கேட்டு வளர்ந்த எமக்கு இது அந்நியமான வாதமா? இதையெல்லாம் வாசகனுக்குச் சொல்ல ஓர் அடிக்குறிப்பு போதும். பெயரையே நீக்கிய பக்கத்தில் அந்தக் குறிப்பை எங்கே போடுவது?

ஆகவே மொழிபெயர்ப்பாளர்களே, சொல்லை எளிதாக்குங்கள். யாப்பைத் தளர்த்துங்கள். நீண்ட வாக்கியத்தை இரண்டாக முறியுங்கள். குறிப்பெழுதுங்கள், முன்னுரையில் கவிஞனோடு சண்டையும் பிடியுங்கள். ஆனால் அவன் எழுதிய பெயரை அவன் எழுதிய இடத்திலேயே விட்டுவையுங்கள். அதற்குப் பதில் எழுதும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.