தாவாவும் தஸ்தாவேஜும்

ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகி நிலத்தின் மதிப்பு உயர்ந்துவிட்ட இக்காலத்தில், சேரப்பணஞ்சேரிக் குடியானவர் ஒருவர் பாகவழக்குத் தொடுக்க நேரின், 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம், 7-ஆவது கட்டளை 14-ஆவது விதிப்படி, தாம் நம்பும், தம் வசமுள்ள தஸ்தாவேஜுகளையெல்லாம் பட்டியலிட்டுப் பிராதுடனேயே தாக்கல் செய்தாக வேண்டும்; தவறினால், பின்னர் நீதிமன்றத்தின் அனுமதியின்றி அவை சாட்சியமாகா.

பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினையைக் குறித்துவைத்த கூர்ச்சீட்டு, மடிப்புகள் கிழிந்து, எழுத்து மங்கியிருப்பினும் பாதகமில்லை. ஆனால் பாகத்தைப் பிரித்துக்கொடுக்கும் பத்திரமே அதுவாயிருந்து, முத்திரையும் பதிவும் இல்லையெனில், பாகத்தை நிரூபிக்க உதவாது. முத்திரைக் குறையையாவது அபராதம் கட்டித் தீர்த்துக்கொள்ளலாம். பதிவின்மைக்கு அந்தப் பரிகாரமும் இல்லை.

எழுத்தறிவு குன்றிய கட்சிக்காரர் இவற்றைத் தாமே அறிவாரென எதிர்பார்ப்பது நியாயமன்று. வட்ட சட்டப் பணிகள் குழுவினர் கிராமந்தோறும் வந்து, பிராது தாக்கலாகுமுன்னரே பத்திரங்களைப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யவேண்டும்.