வல்கன் கிரகத்தைச் சாட்சிக்கு அழைக்கும் கனவானுக்கு

திருப்புலிவனத்தில் சென்ற மாதம் ஒரு கல்யாணப் பேச்சு நடந்தது. பெண் விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகள். இருபத்திரண்டு வயது. ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. மாப்பிள்ளை உறவுக்காரன், முக்கால் ஏக்கர் கழனி உள்ளவன். சீர் பேசினார்கள், பாத்திரம் பேசினார்கள், மோட்டார் சைக்கிள் பேசினார்கள். நாலு வருஷச் சம்பளத்தில் அந்தப் பெண் சேர்த்த பணம் யார் கைக்குப் போவது என்றும் பேசினார்கள். பெண்ணிடம் மட்டும் யாரும் பேசவில்லை.

அவள் தாயார் வந்து கூப்பிட்டதால் நாமும் போய் உட்கார்ந்தோம். "பெண்ணைக் கேட்டீர்களா?" என்றோம். பதில் தகப்பனாரிடமிருந்து வரவில்லை. நிலமும் வட்டிக்கடையும் உள்ள ஒரு கனவான் அங்கே நாற்காலியில் இருந்தார். அவர் சொன்னார்: "அமெரிக்காக்காரன் டெலிவிஷன் கதையில், நம்மைவிட ஆயிரம் மடங்கு அறிவு முற்றிய கிரகத்திலேயே, பெரியவர்கள் பார்த்து முடிக்கிற கல்யாணம்தான். பேரன் காட்டினான், பார்த்தேன். இனி வரப்போகிற உலகத்திலும் அதுதான் நிற்கும். நீங்கள் இன்னும் பழைய பாட்டையே பாடுகிறீர்களே!" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நாமும் அந்தக் கதையைத் தேடிப் பார்த்தோம். பார்த்த பிறகுதான் தெரிந்தது, கனவான் தம் கட்சிக்கு விரோதமான சாட்சியைத் தாமே கூண்டில் ஏற்றிவிட்டார் என்று!

தொடரின் பெயர் 'ஸ்டார் டிரெக்'. நாம் சொல்லும் கதை அமெரிக்காவில் 1967 செப்டம்பர் 15ல் ஒளிபரப்பானது; எழுதியவர் தியோடர் ஸ்டர்ஜன். இருபத்துமூன்றாம் நூற்றாண்டில் நடப்பதாகக் கதை. ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பலில் ஸ்பாக் என்ற வல்கன் கிரகத்து அதிகாரி இருக்கிறான். அவனுக்கு ஏழு வயதிலேயே டிபிரிங் என்ற பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்கள். உரிய காலம் வந்ததும் ஊர் திரும்பிச் சடங்கை நிறைவேற்றாவிட்டால் அவன் உயிரே போய்விடும். ஆணின் கழுத்திலும் கயிறுதான் என்பதைக் கனவான் கவனித்தாரா?

பெண்ணுக்கு ஸ்பாக்கைப் பிடிக்கவில்லை. ஸ்டான் என்பவனைப் பிடித்திருக்கிறது. 'வேண்டாம்' என்று சொல்ல அந்த அறிவு முற்றிய கிரகத்தின் சட்டத்தில் இடம் உண்டா? ஒரே வழிதான் உண்டு. அவள் சார்பில் ஒருவன் மாப்பிள்ளையோடு சாகும்வரை சண்டை போட வேண்டும். ஜெயித்தவனுக்கு அவள் சொத்து! சடங்கு நடத்தும் மூதாட்டி இதை ஒளிக்காமலே கேட்கிறாள்: ஜெயித்தவனின் உடைமையாக நீ சம்மதமா? அவள் சம்மதம் என்கிறாள். தன்னை யார் உடைமையாக்கிக் கொள்வது என்பதில் மட்டும்தான் அவளிடம் சம்மதம் கேட்கப்படுகிறது.

அவள் அசட்டுப் பெண்ணல்ல. ஸ்பாக்கின் உயிர்த் தோழனான கப்பல் தலைவன் கிர்க்கையே தன் பக்கத்து ஆளாகத் தேர்ந்தெடுக்கிறாள். பிற்பாடு கணக்கை விளக்குகிறாள். கிர்க் ஜெயித்தால் அவனுக்கு அவள் தேவையில்லை. ஸ்பாக் ஜெயித்தாலும் சவால் விட்டவளை விட்டுவிடுவான். விடாமல் கட்டிக்கொண்டாலும் கப்பலேறிப் போய்விடுவான், அவன் பெயரும் சொத்தும் அவளுக்கு, ஸ்டானும் அங்கேயே இருப்பான். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவளுக்கு நஷ்டமில்லை. கல்யாணத்தைச் சொத்துக் கணக்காக வைத்தவர்களுக்கு அதே கணக்கில் பதில் கொடுத்தாள்! இந்தப் பெண்ணையா கனவான் நம் பெண்களுக்கு உதாரணம் காட்டுகிறார்? காட்டட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை.

இதே தொடர் வரிசையில் 2004ல் வந்த இன்னொரு கதை நம் ஊருக்கு இன்னும் கிட்ட வருகிறது. டிபோல் என்ற வல்கன் பெண். அவளுக்கும் சிறு வயதிலேயே பேசி வைத்த மாப்பிள்ளை. தாயாருக்கு விஞ்ஞானக் கழகத்தில் வேலை போய்விடுகிறது. மாப்பிள்ளை வீட்டார் செல்வாக்குள்ளவர்கள். கல்யாணம் நடந்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். மகள் கழுத்தை நீட்டுகிறாள். கிரகம் எதுவானால் என்ன, பேரம் ஒன்றுதானே?

சொத்துள்ளவர்கள் வீட்டுக் கல்யாணம் வர்க்கக் கணக்குப் பார்த்தே நடக்கிறது என்று எங்கெல்ஸ் 1884லேயே எழுதினார். சொத்தில்லாதவன் வீட்டுக்கு அந்தக் கணக்கு எப்படி வந்தது? கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைத் தோழர்களைக் கேளுங்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயர் வைத்து, ஏழைப் பெண்களை மூன்று வருஷம் ஆலை விடுதியில் அடைத்து, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, கடைசியில் 'கல்யாணச் செலவுக்கு' என்று மொத்தமாகக் கொடுத்தார்கள். 1961ன் வரதட்சணைத் தடைச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. வரதட்சணை ஆலை வாசலிலேயே சம்பளப் பாக்கியாக நின்றது!

நமக்குப் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு காட்டுகிறோம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் குடவோலைத் தேர்தல்! ஆனால் குடத்தில் யார் பெயர் விழும்? வரி கட்டும் கால்வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள, வேதம் படித்த ஆணின் பெயர். உழுதவன் பெயருக்கு ஓலை இல்லை. பெண் பெயருக்கும் இல்லை. அந்தக் கால்வேலிதான் இன்று முக்கால் ஏக்கராகச் சுருங்கி, கல்யாணப் பாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பாக்கின் கதை வந்த அதே 1967ல் இங்கே அண்ணா மந்திரிசபை சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் செய்தது. புரோகிதர் வேண்டாம், உற்றார் நண்பர் முன் இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால், தாலி கட்டினால் போதும். வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டும் 2018 மார்ச் 27ல் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் 2016 மார்ச் 13ல் உடுமலைப்பேட்டை நடுத்தெருவில், பட்டப்பகலில், சாதி மீறிக் கல்யாணம் செய்த தலித் வாலிபனை வெட்டிக் கொன்றார்களே! வல்கனில் சண்டைக்காவது ஒரு விதி உண்டு.

பெற்றோர் வரன் பார்ப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. பார்க்கட்டும், பெண்ணையும் பையனையும் கேட்கட்டும், 'வேண்டாம்' என்றால் விடட்டும். நம் தோழர்களில் சிலரும் இதைப் படிக்க வேண்டும். மேடையில் சாதி ஒழிப்புப் பேசிவிட்டு, வீட்டில் வரன் வந்தால் "என்ன ஆளு?" என்று முதல் கேள்வி கேட்பவர்களை நமக்குத் தெரியும்.

தகப்பனாரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கனவான் எழுந்து போன பிறகு திண்ணையில் அவர் சொன்னார்: "எனக்கு ஒடம்பு முடியாமப் போனா யாருண்ணே பாப்பாங்க? சொந்தத்துல குடுத்தா ஒரு வாய்க் கஞ்சியாவது ஊத்துவாங்க." நாற்பது வருஷம் நாற்று நட்டு, அறுத்து, மூட்டை தூக்கியவருக்கு வயோதிகத்தில் மகளின் கல்யாணத்தை விட்டால் வேறு காப்பு இல்லை. அவரை இந்தப் பேரத்துக்குத் தள்ளியது இந்த நிலைமைதான்.

ராத்திரி பத்தரைக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. பெண் இறங்கி வந்து, பாயில் மிச்சமிருந்த வெற்றிலையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துகொண்டாள். "அப்பா, ஒரு மாசம் டைம் குடு, யோசிச்சு சொல்றேன். பாஸ் புக்க மட்டும் இப்பவே எங்கிட்ட குடு" என்றாள். தகப்பனார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய், மாடத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். பேச்சு அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. கனவான் மறுபடி வருவார். நாமும் போவோம்.