களைப்பை அளக்கும் கருவி எங்கே?

பணிக்கு வரும் ரயில் ஓட்டுநர் ஒருவர் எஞ்சினில் ஏறுவதற்கு முன்பு, 'லாபி' எனப்படும் பணிப்பதிவு அறையில் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத வேண்டும். மது அருந்தியிருந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அன்று அவர் வண்டியைத் தொட முடியாது. இந்தக் கண்டிப்பை யாரும் குறைகூற மாட்டார்கள். ஆனால், முந்தைய இரண்டு இரவுகளில் அவர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பதைக் காட்டும் கருவி எதுவும் அந்த அறையில் இல்லை.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. இந்தியாவில் மோட்டார் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம் மட்டுமே.

தொழிலிடத்தில் உளவியல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆலோசனை மையமும் யோகா வகுப்பும், மன அழுத்தத்தை வெல்வது எப்படி என்ற சொற்பொழிவும்தான். இவையெல்லாம் தொழிலாளியின் மனத்தைச் சரிசெய்ய முனைபவை. வேலையைச் சரிசெய்வதைப் பற்றி அவை பேசுவதில்லை. ஆனால், தொழில்சார் உளவியல் பிறந்ததே களைப்பு பற்றிய கேள்வியிலிருந்துதான். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் தொழிலாளர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம், அதற்கு மேலும்கூட உழைத்தனர். அவர்களின் உடல்நலத்தை ஆராய 1915-இல் ஒரு குழு அமைந்தது. 1918-இல் தொழிற்சாலைக் களைப்பு ஆராய்ச்சி வாரியம் உருவானது. அந்தக் காலத்துப் புள்ளிவிவரங்களை ஜான் பென்கேவல் என்ற பொருளாதார அறிஞர் 2014-இல் மறுபடியும் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை உழைப்புக்கு ஏற்ப உற்பத்தி கூடியது. அதைத் தாண்டியபின் கூடுதல் மணி நேரத்தின் பயன் சரியத் தொடங்கியது. பொருளியல் பாடநூல்களில் உழைப்பை ஓர் ஒற்றை எழுத்தால் குறித்து, முதல் மணி நேரமும் பத்தாவது மணி நேரமும் ஒரே சரக்கு என்பதுபோலக் கணக்கிடுவோம். ரயில் எஞ்சினுக்குள் அந்தக் கணக்கு செல்லுபடியாகாது.

காரணம், அங்கே நடப்பது பெரும்பாலும் தசை உழைப்பு அன்று, கவன உழைப்பு. பிரிட்டனின் நார்மன் மேக்வொர்த், ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீரர்கள் ஏன் அடையாளங்களைத் தவறவிடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். மாறாத காட்சியை உற்றுநோக்கும் வேலையில், முதல் அரை மணி நேரத்துக்குள்ளாகவே கவனம் குறையத் தொடங்கிவிடுகிறது. இது சோம்பலோ பொறுப்பின்மையோ அன்று, மூளையின் இயல்பு. சிக்னலுக்கு நேரே கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்லும் வழக்கம் இந்த இயல்புக்கு எதிராகக் கண்டறியப்பட்ட எளிய தடுப்பு. ஜப்பானில் தோன்றிய இம்முறை, தவறுகளைச் சுமார் 85 சதவீதம் குறைப்பதாக அந்நாட்டு ரயில் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1990-களில் நடத்திய சோதனை காட்டியது. நம் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும்கூட ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டுதான் செல்கிறார்கள். ஆனால், எட்டு மணி நேரம் உறங்கியவர் சொல்வதற்கும் நான்காவது இரவாகத் தொடர்ந்து விழித்திருப்பவர் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. விழிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் எஞ்சினில் இருக்கிறது. சுமார் ஒரு நிமிடம் எந்த இயக்கமும் இல்லையென்றால் விளக்கு எரியும், ஒலி எழும், பிறகு தானாகவே பிரேக் விழும். கை அசைகிறது என்பதைத்தான் அது உறுதிசெய்கிறது. பழகிய கை அரைத்தூக்கத்திலும் பொத்தானை அழுத்தும்.

ரயில்வே உளவியலை அறியாத துறை அன்று. லக்னௌவில் உள்ள அதன் ஆராய்ச்சி அமைப்பில் உளவியல்-தொழில்நுட்பப் பிரிவு பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. உதவி ஓட்டுநராகத் தேர்வாகும் இளைஞர் கவனம், நினைவாற்றல், விரைந்து முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றுக்கான கணினித் தேர்வில் வென்றே உள்ளே வருகிறார். நல்ல ஏற்பாடு. ஆனால், இது உளவியலின் ஒரு பாதி மட்டுமே. வேலைக்கு ஏற்ற மனிதரைத் தேர்ந்தெடுக்க அந்தத் துறையைப் பயன்படுத்திக்கொண்ட நாம், மனிதருக்கு ஏற்றதாக வேலையை வடிவமைக்க அதை அழைக்கவே இல்லை.

2024 ஜூன் 17 அன்று நியூ ஜல்பைகுரி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறத்தில் ஒரு சரக்கு ரயில் மோதியது. குறைந்தது பத்துப் பேர் இறந்தனர். சரக்கு ரயில் ஓட்டுநரும் அவர்களில் ஒருவர். சில மணி நேரத்துக்குள்ளாகவே அவர் சிக்னலை மதிக்கவில்லை என்று உயர் அதிகாரிகள் அறிவித்துவிட்டனர். இறந்தவர் மறுத்துப் பேச வர மாட்டார். ரயில் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வேறொன்றைச் சொன்னது. அன்று அதிகாலை முதல் தானியங்கி சிக்னல்கள் பழுதாகியிருந்தன. அவற்றைக் கடந்து செல்ல ஓட்டுநர்களுக்குத் தரப்பட்ட எழுத்து அனுமதி முறையானது அன்று. என்ன வேகத்தில் செல்ல வேண்டும் என்றும் அதில் இல்லை. அதே அனுமதியுடன் அதே பாதையில் சென்ற ஏழு ரயில்களில், 15 கி.மீ. வேகத்தில் சென்று ஒவ்வொரு பழுதான சிக்னலிலும் ஒரு நிமிடம் நின்றது கஞ்சன்ஜங்கா மட்டுமே. மற்ற ஆறும் அவரவர் புரிந்துகொண்டபடி சென்றன. இது நடக்கக் காத்திருந்த விபத்து என்பதே ஆணையரின் கருத்து. (அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். இந்தத் தொலைவு எவ்வளவு பயனுள்ளது என்பது இப்படிப்பட்ட வேளைகளில்தான் தெரிகிறது.) கடைசிக் கையின் தவறுக்குப் பின்னால் பயிற்சி, பணிப்பட்டியல், உத்தரவு ஆகியவற்றில் மறைந்து கிடக்கும் தவறுகளைத் தேட வேண்டும் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990-களில் வலியுறுத்தினார். விமானத் துறை அதை ஏற்றுக்கொண்டு வெகுகாலமாகிறது.

ஓய்வு குறித்த தகராறுக்கு வருவோம். ஓட்டுநர் தம் தலைமையிடத்துக்குத் திரும்பியதும் 16 மணி நேர ஓய்வு உண்டு. இதுதவிர, மாதத்துக்கு நான்கு முறை 30 மணி நேரம் அல்லது ஐந்து முறை 22 மணி நேரம் காலமுறை ஓய்வு தர விதி இருக்கிறது. இரண்டும் தனித்தனியா, ஒன்றுக்குள் ஒன்றா என்பதே கேள்வி. நிர்வாகம் ஒன்றுக்குள் ஒன்று என்கிறது. ஓட்டுநர்கள் இரண்டையும் கூட்டி 46 மணி நேரம் கேட்கிறார்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்கு வீடு திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிர்வாகத்தின் கணக்கில் ஞாயிறு நண்பகல் அவருடைய வார ஓய்வு முடிந்துவிடும். இடையே கிடைப்பது ஓர் இரவு. விழித்த இரவுகளின் கடனை ஓர் இரவில் அடைக்க முடியாது. தொடர்ந்து நான்கு இரவுகள் வரை பணியில் அமர்த்தலாம் என்பதை இரண்டாகக் குறைக்கவும் அவர்கள் கோருகிறார்கள். 2024 ஜூனில் தெற்கு ரயில்வே ஓட்டுநர்கள் பலர் 46 மணி நேர ஓய்வைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டு ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாயினர்.

இங்கே ஓட்டுநர்களையும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அவர்களின் வருவாயில் கணிசமான பங்கு, ஓடும் தூரத்தைக் கணக்கிட்டுத் தரப்படும் படி. பேச்சுவழக்கில் 'மைலேஜ்'. அதிக தூரம் ஓடினால் அதிக வருவாய் என்னும்போது, ஓய்வை விட்டுக்கொடுக்கும் ஆசையை ஊதிய முறையே தூண்டுகிறது. தொழிற்சங்கங்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஓய்வு நாளுக்கும் வருவாய் குறையாதபடி இப்படியை மாற்றியமைக்காமல் வெறும் மணிக்கணக்கை மட்டும் திருத்தினால் பயன் பாதியாகவே இருக்கும்.

மறுபக்கம், ஆள் பற்றாக்குறை. 2024 ஜனவரியில் 5,696 உதவி ஓட்டுநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. கஞ்சன்ஜங்கா விபத்துக்குப் பின் சில நாள்களில் அந்த எண்ணிக்கை 18,799 ஆக உயர்த்தப்பட்டது. ஐந்து மாதங்களில் தேவை மும்மடங்காகப் பெருகியிருக்க முடியாது. நிரப்பப்படாத ஒவ்வோர் இடமும் கணக்கேட்டில் சேமிப்பாகத் தெரியும். அந்தச் சேமிப்புக்கான விலையை, இருப்பவரின் உறக்கமும் பின்பெட்டியில் பயணிப்பவரின் உயிரும் செலுத்துகின்றன. அது எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களையும் குறைத்து, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் விதி வகுத்தது. ஆயத்தம் செய்ய நிறுவனங்களுக்கு ஏராளமான அவகாசம் இருந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது, ஓய்வு விதியே குற்றவாளி என்பதுபோலச் சிலர் பேசினர். அந்நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கும் கிடைத்தது. கிடைத்த அவகாசத்தில் ஆள் சேர்க்காததே கோளாறு. எப்படியாயினும், 180 பேரைச் சுமக்கும் விமானிக்கு 48 மணி நேரம் தேவை என்று ஒப்புக்கொண்ட அதே அரசு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுமக்கும் ரயிலின் ஓட்டுநருக்கு 46 மணி நேரத்தை மறுக்கிறது.

2025 ஏப்ரலில் ரயில்வே வாரியம் இன்னொன்றையும் மறுத்தது. உணவுக்கும் இயற்கை உபாதைக்கும் இடைவேளை வேண்டும் என்ற கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கூறிவிட்டது. கழிப்பறை உள்ள எஞ்சின்கள் இன்னும் சிறுபான்மையே. கழிப்பறை இல்லாத எஞ்சினில் பணிக்குச் செல்பவர், குறிப்பாகப் பெண் ஓட்டுநர், தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். நீரிழப்பும் உடல் அவஸ்தையும் கவனத்தைச் சிதைக்கும் என்பதற்கு ஆய்வுகூடத் தேவையில்லை.

பேசப்படாத காயம் வேறொன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-இல் ரயில்வே விபத்துகளில் இறந்தோர் 20,000-க்கும் அதிகம். பெரும்பாலோர் ஓடும் ரயிலிலிருந்து விழுந்தவர்களும் தண்டவாளத்தில் அடிபட்டவர்களும். அடிபட்டவர்களின் கடைசி நொடியை எதிரே இருந்து பார்த்தவர் ஓட்டுநர். பிரேக்கைப் போட்டும் நிற்காத வண்டியில் அமர்ந்து பார்த்தவர். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அத்தகைய நிகழ்வுக்குப் பின் ஓட்டுநரைப் பணியிலிருந்து விடுவித்து உளவியல் உதவி அளிப்பது வழக்கம். இங்கே தகவல் சொல்லிவிட்டு வண்டியை மேற்கொண்டு செலுத்துவதே பெரும்பாலும் நடப்பது.

'கவச்' வந்துவிட்டால் எல்லாம் தீரும் என்பது அதிகாரிகளின் மறுமொழி. அது வரவேண்டிய தொழில்நுட்பம்தான். 2024 நடுப்பகுதி வரை சுமார் 1,465 கி.மீ. பாதையில்தான் நிறுவப்பட்டிருந்தது, நாட்டின் ரயில் பாதை 68,000 கி.மீ. அதை நிறுவிப் பராமரிப்பவர்களும் களைக்கும் மனிதர்களே. 1988-இல் லண்டன் கிளாப்பம் சந்திப்பில் 35 பேர் இறந்த விபத்துக்குக் காரணம், ஒரு சிக்னல் பணியாளர் துண்டிக்காமல் விட்ட பழைய கம்பி. அதற்கு முந்தைய 13 வாரங்களில் அவர் எடுத்திருந்த விடுப்பு ஒரே ஒரு நாள். விசாரித்த ஆண்டனி ஹிடன் அவரோடு நின்றுவிடவில்லை. அவருக்கு அப்படியொரு பணிப்பட்டியல் எப்படி வாய்த்தது என்று கேட்டார். பாதுகாப்புப் பணியாளர்களின் வேலை நேரத்துக்கு பிரிட்டன் வரம்பு கட்டியது அந்த அறிக்கைக்குப் பிறகுதான்.

நம் விபத்து விசாரணைகளில் ஓட்டுநரின் முந்தைய 14 நாள் பணிப்பட்டியலையும் உறக்க வாய்ப்பையும் ஆராய்ந்து வெளியிடுவதைக் கட்டாயமாக்க, ரயில்வே வாரியத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். தலைமையிடத்தில் வண்டி இறங்கிய நேரம், மீண்டும் அழைக்கப்பட்ட நேரம் எல்லாம் ஏற்கெனவே கணினியில் பதிவாகித்தான் வருகின்றன.