மடக்குக் கத்தியும் நம்ம ஃபிட்டிங் ஷாப்பும்



ஆண்டு மலர் என்றால் தன்னம்பிக்கை, வேலைவாய்ப்பு, நட்பு என்று பெரிய பெரிய விஷயமாக எழுதுவார்கள். எனக்கு எழுதக் கிடைத்தது ஒரு கத்தி. அதுவும் மடக்குக் கத்தி. பயந்துபோய்ப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்திப் படத்து வில்லன் ‘டக்’கென்று விரிப்பானே, அந்த ராம்பூர் சமாச்சாரம் இல்லை இது. மாங்காய் நறுக்குகிற கத்தி.

எங்கள் ஊர் சுரக்குடி. அம்மாவழியில் எனக்கு ஒரு பெரிய தாத்தா இருந்தார். ஊரில் ‘சொல்தா தாத்தா’ என்றால்தான் தெரியும். நாகப்பட்டினம், மாயவரம் பக்கமிருந்து வந்து படிக்கிற நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை எங்கள் பக்கம் சொல்தா என்போம். 1954 நவம்பர் 1-இல் காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் சேர்ந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. லீவில் வரும்போது அவர் சட்டைப் பையில் ஒரு கத்தி இருக்குமாம். அதன் பெயர் ஒப்பினெல்.

மெக்கானிக்கல் படிக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், இதைவிடக் குறைந்த பாகங்களில் ஒரு மெஷினைச் செய்ய முடியாது. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, கழுத்தில் இரும்புப் பட்டை, அதன்மேல் சுழல்கிற பூட்டு வளையம். அவ்வளவுதான். ஸ்பிரிங்கே கிடையாது! 1890-இல் பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்ய ஆரம்பித்தது. திறந்த கத்தி தானாக மடங்கி விரலை வெட்டாமல் இருக்க, அந்த வளையம் 1955-இல்தான் சேர்ந்தது. தாத்தாவுடையது 8-ஆம் நம்பர். அலகு எட்டரை சென்டிமீட்டர். அலகின்மேல் கிரீடம் வைத்த ஒரு கை முத்திரை இருக்கும். சின்னப் பையனாக இருந்தபோது, தாத்தா எதற்கோ சத்தியம் செய்து கை அடித்துக் கொடுத்த அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

அந்தக் கத்தியில் அவர் பனங்கிழங்கு கீறுவார், வாழைநார் அறுப்பார், கடுதாசி பிரிப்பார். வெட்டியதும் வேட்டியில் துடைத்து மடக்குவார். அவர் போன பிறகு கத்தி பரணுக்குப் போய்விட்டது. கடலும் பக்கம், ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. துருவுக்குக் கேட்கவா வேண்டும்? இரண்டு வருஷம் கழித்து எடுத்தபோது அலகு பிடிக்குள் அப்படியே இறுகிக் கிடந்தது. “தூக்கிப் போடுடா, கடைத்தெருவுல புதுசு வாங்கிக்கலாம்” என்றார் அம்மா.

நான் டிப்ளமோ படிக்கிற பிள்ளையாயிற்றே! விடுவேனா? குறடு போட்டு இழுத்துத் திறந்தேன். இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிட்டு ஷாப்புக்குக் கொண்டுவந்தேன். (வாட்ச்மேன் அண்ணன் என் பையைச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை தனிக் கதை.) நேராக பெஞ்ச் கிரைண்டரில் வைத்தேன். பொறி பறந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்தே விநாடி. எடுத்துப் பார்த்தால் நுனி நீலமாக இருந்தது.

பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான். டெம்பரிங் கலர் சார்ட்: வைக்கோல் மஞ்சள் ஏறக்குறைய 220 டிகிரி, பழுப்பு 250, ஊதா 280, நீலம் 300. கத்தி அலகு கெட்டியாக இருப்பது மஞ்சளைத் தாண்டாத வரைக்கும்தான். நீலம் வந்தால் எஃகு இளகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. இத்தனையும் என் ரெக்கார்டு நோட்டில் கலர் பென்சிலால் படம் போட்டே இருக்கிறது. ஆனால் கையில் கத்தி இருந்தபோது நோட்டு ஞாபகத்துக்கு வரவில்லை. செத்துப்போன மனிதருடைய கத்தி... அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பக்கத்து ஊர்க் கொல்லுப்பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “நீலம் ஏறுனா அந்த இடத்துல உசுரு இல்ல தம்பி. ஆனா நுனியிலதான போயிருக்கு? அந்த மட்டும் கல்லுல தேய்ச்சுக் கழிச்சுப்புடு. மிச்சம் நல்லாத்தான் இருக்கு.” மறுபடி காய்ச்சித் துவைச்சல் கொடுக்கலாமே என்றேன். “கொடுக்கலாம். ஆணியக் களட்டணும், பிடியப் பிரிக்கணும், மெல்லிசு அலகு கோணிக்கும். எதுக்கு?” என்று சிரித்தார். கூலி கேட்கவில்லை. டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கார்பரண்டம் கல், மண்ணெண்ணெய், பழைய துணி. நீலம் ஏறிய நுனி ஐந்து மில்லிமீட்டர் போனது. தேய்க்கும்போது அலகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கை தாங்குகிற சூட்டுக்கு மேல் போனால் தண்ணீர். இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. தேய்ந்த கத்தி ஏன் எவ்வளவு தீட்டினாலும் மழுங்கலாகவே இருக்கிறது? அலகின் குறுக்குவெட்டு ஓர் ஆப்பு மாதிரி. வருஷக்கணக்கில் விளிம்பை மட்டுமே தீட்டினால், விளிம்பு மெல்லிய இடத்தைத் தாண்டித் தடித்த இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே விளிம்புக்குப் பின்னால் இருக்கிற சதையை முதலில் இறக்க வேண்டும். அப்புறம்தான் பக்கத்துக்கு 20 டிகிரி வைத்துக் கூர். சாணைக்காரர் சர்ரென்று ஓட்டிக் கொடுப்பது விளிம்பு மட்டும்தான். அவரையும் குறை சொல்ல முடியாது, நாம் கொடுக்கிற காசு அவ்வளவுதான்.

இறுகியதற்குக் காரணம் துரு பாதி, மரம் பாதி. ஈரத்தில் மரம் உப்பி அலகை நெரிக்கிறது. சவ்வாக்காரர்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பிடியின் அடியை மேஜையில் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும். நான் பிடியை நிழலில் நாலு நாள் காயவைத்து, பிளவுக்குள் உப்புத்தாள் ஓட்டி, மெழுகைத் தேய்த்தேன். அலகு ஆடியதற்கு மருந்து ஆணியில் இருக்கிறது. ஒரு தலையை ஆன்வில் மேல் வைத்து, இன்னொரு தலையை பால்பீன் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்ட வேண்டும். ஒரு தட்டு, திறந்து மூடிப் பார், இன்னொரு தட்டு. அவசரப்பட்டால் அசையவே அசையாது. லூசான வளையத்தைக் கழற்றி, லேசாக நெருக்கிப் போட்டதும் பிடித்துக்கொண்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபிட்டிங் ஷாப்பில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு எம்.எஸ். தகட்டை வாங்கி, ஸ்கொயர் அடித்து, வி-கட் போட்டு, டவ்டெயில் போட்டு, சாரிடம் காட்டி மார்க் வாங்குகிறோம். அப்புறம்? ஸ்கிராப் பெட்டி! சீனியர் செய்த ஜாப்பையே பாலிஷ் போட்டுக் காட்டுகிற தோழர்கள் யார் என்று நான் எழுதப்போவதில்லை. அளவு பார்க்க, அரம் பிடிக்க அந்த ஜாப் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கெட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனால்தான் நமக்குக் கையும் நடுங்குவதில்லை, கவனமும் வருவதில்லை. மூன்று வருஷமும் புதிதாகச் செய்யக் கற்கிறோம். தேய்ந்ததை, ஆடுவதை, இறுகியதைப் பார்த்து ‘இதற்கு என்ன வியாதி’ என்று கண்டுபிடிக்க ஒரு பீரியடும் இல்லை. நம்மில் பல பேர் வேலைக்குச் சேரப்போவதோ மெயின்டனன்ஸ் செக்‌ஷனில்!

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. செல்போன், கார், டிராக்டர் கம்பெனிகள் ரிப்பேர் விவரங்களைத் தர வேண்டும் என்பதற்காக. நல்லதுதான். ஆனால் விவரம் கிடைத்தாலும் கை வேண்டாமா? மடக்குக் கத்திக்கு எந்தக் கம்பெனியின் பாஸ்வேர்டும் தேவையில்லை.

பேரவைக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் சின்னதுதான். செமஸ்டருக்கு ஒரு ஜாப்பை மாற்றுங்கள். தகட்டுக்குப் பதிலாக, வீட்டிலிருந்து தேய்ந்த சாமான் ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். கதிர் அரிவாள், அரிவாள்மனை, கத்தரி, எதுவானாலும் சரி. என்ன கெட்டது, ஏன் கெட்டது, என்ன செய்தோம் என்று ரெக்கார்டில் எழுதட்டும். சரிசெய்ய முடியாதது என்றால் அதையும் காரணத்தோடு எழுதட்டும், அதற்கும் மார்க் உண்டு. கூர்ச் சாமான் விஷயம் என்பதால் வாசலில் பதிவு, ஷாப்பிலேயே பூட்டிவைப்பது என்று விதி போடுங்கள், ஒத்துக்கொள்கிறோம். பட்டறைப் பெரியவரை ஒருநாள் கூப்பிட்டால் வருவார். நான் கேட்டுவிட்டேன். பஸ் காசும் டீயும் போதுமாம்.

தாத்தாவின் கத்தி இப்போது ஐந்து மில்லிமீட்டர் குறைச்சல். அம்மா அதில்தான் மாங்காய் நறுக்குகிறார். என் முதல் ஜாப்பும் தயாராக இருக்கிறது, பாட்டியின் பாக்குவெட்டி. ஆணி ஆடுகிறது.