விளக்கேற்ற முடியாத நாள்



இப்பகுதியைத் தொடர்ந்து படித்துவரும் அம்மையார் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். எழுபதைக் கடந்தவர். கணவர் மூன்று ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். மாலையில் கைகால் கழுவி, நீறிட்டு, விளக்கின் முன் அமர்வாராம். திரியைத் தூண்டும் நேரத்தில் உள்ளறையிலிருந்து அழைப்பு வரும். எழுந்து போய்த் துணி மாற்றி, உடம்பைத் துடைத்து, தரையைக் கழுவி, மறுபடியும் தலைக்கு நீர் வார்த்துக்கொண்டு வருவதற்குள் இருட்டிவிடும். அடுத்த தெருவில் இருக்கும் கோயிலுக்குப் போயே மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சில நாள்களில் அலுப்புத் தாளாமல் கணவரைக் கடிந்து பேசிவிடுகிறாராம். பிறகு அடுக்களையில் நின்று அழுகிறாராம். சுவாமி என் வீட்டை மறந்துவிட்டாரா என்பது கடிதத்தின் கடைசிக் கேள்வி.

வங்கியில் இருந்த காலத்தில் வந்த கடிதத்துக்கு அதே வாரத்தில் பதில் போய்விட வேண்டும் என்று பழகியவன் நான். அன்றிரவே இரண்டு பக்கம் எழுதினேன். பண்டரிபுரத்துப் புண்டலீகன் கதையை எழுதினேன். தாய்தந்தையருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தவன் வாசலில் வந்து நின்ற பெருமானிடம் சற்றுப் பொறுக்கச் சொல்லி, சேற்றில் நிற்க வேண்டாமே என்று ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டான். அந்தக் கல்லின்மேல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இன்றும் பாண்டுரங்கன் நிற்கிறான். உங்கள் வீட்டு வாசலிலும் அப்படித்தான் நிற்கிறான், தாயே, என்று முடித்தேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அஞ்சலில் சேர்க்க மனம் வரவில்லை. புண்டலீகன் முகம் கோணாமல் பணி செய்தவன். அந்த அம்மையாரோ அலுத்துப்போய்க் கடிந்து பேசுகிறவர். அவருடைய வேதனையே அதுதான். அன்போடு செய்கிறவன் வாசலில் பெருமான் காத்திருப்பார், சரி. முணுமுணுத்துக்கொண்டு செய்கிறவர் வாசலில்? அதற்கு என் இரண்டு பக்கத்தில் விடையே இல்லை. தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

இந்நிலையில் பிரதோஷம் வந்தது.

என் பிரதோஷக் கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து, பழமலைநாதர் சந்நிதியில் பார்த்த ஒவ்வொரு பிரதோஷத்தையும் டைரியில் குறித்து வருகிறேன். ஊரில் இல்லாத நாள், காய்ச்சலில் கிடந்த நாள் தவிர விட்டதில்லை. நாள்தோறும் இருப்புப் பார்த்தே பழகிய கை. புண்ணியத்துக்கும் ஒரு பேரேடு போட்டுவிட்டது.

அன்று மாலை நான்கு மணி. வெளுத்த வேட்டி கட்டியாயிற்று. அபிஷேகத்துக்கான பால் சொம்பில் தயாராக இருந்தது. வில்வம் பையில் இருந்தது. என் துணைவியார் காபி கொண்டு வந்தார். இரண்டாண்டுகளாக அவருக்கு வலக்கையில் நடுக்கம் உண்டு. கோப்பை சாய்ந்தது, பிடிக்கப் போன கை சொம்பைத் தட்டியது. காபி என் வேட்டியில், பால் தரையில், கோப்பை நூறு துண்டாக.

“இரண்டு கையாலும் பிடித்து வா என்று எத்தனை முறை சொல்வது? சுவாமி காரியமாகப் புறப்படும்போதா இப்படி?” என்றேன். சொன்ன சொற்களைவிடச் சொன்ன குரல் மோசம்.

“உடைஞ்சது கோப்பைதானேங்க. திருநீலகண்டர் வீட்டுத் திருவோடு இல்லையே” என்றார் அவர்.

அவருடைய தந்தையார் திண்ணையில் உட்கார்ந்து நாள்தோறும் பெரியபுராணம் வாசித்தவர். வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். தில்லையில் மண்பாண்டம் வனைந்த அந்த நாயனார் இல்லத்திலும் கணவன் மனைவி பிணக்கு முதுமை வரை நீடித்தது என்பதை நினைத்தாவது வாயை மூடியிருப்பேன். அன்று, “பேச்சுக்குக் குறைச்சல் இல்லை” என்று சொல்லிவிட்டு, வேறு வேட்டி மாற்றிக்கொண்டு, பீங்கான் துண்டுகளைத் தாண்டி வெளியே போய்விட்டேன்.

அந்தக் கோப்பை நம் ஊர்ச் சரக்கு. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை எனப் பலவும் இங்கிருந்து போகின்றன. அத்தொழிலுக்கென அரசு பயிலகமும் இவ்வூரில் உண்டு. கடன் கொடுத்த வங்கியின் அதிகாரியாக, சரக்கு இருப்பைச் சரிபார்க்க அந்தக் கூடங்களுக்கு நான் அடிக்கடி போனதுண்டு. அப்படி ஒரு முறை காசு கொடுத்து வாங்கிய ஆறு கோப்பைகளில் ஒன்று அது. கடன் வாங்கியவரிடம் இலவசமாக ஓர் அகல்கூட வாங்கியதில்லை என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

குழம்பாகக் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, ஓரத்தில் மண் தோல்போலப் படியும். நடுவில் மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டு, காய்ந்ததும் எடுத்தால் கோப்பை. காதை வேறாகச் செய்து அதே குழம்பைத் தொட்டு ஒட்டுவார்கள். பிறகுதான் சூளை. காய்ந்த கோப்பை ஒன்று என் கை பட்டு விழுந்தபோது பதறினேன். அங்கே வேலை செய்த வயதான அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பச்சையில உடைஞ்சா கவலை இல்லை சார். தொட்டியில போட்டா மறுபடியும் மண்ணுதான். வெந்தப்புறம் உடைஞ்சாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது.”

நந்திக்கு அபிஷேகம் தொடங்கிவிட்டது. நல்ல கூட்டம். பால் குடம் குடமாக நந்தியெம்பெருமான் முதுகில் வழிந்தது. எனக்கு நந்தி தெரியவில்லை. வீட்டுத் தரையில் வழிந்த பால்தான் தெரிந்தது. துணைவியாருக்கு ஒரு கண்ணில்தான் அறுவை முடிந்திருக்கிறது. மற்றதில் புரை அப்படியே இருக்கிறது. வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் இல்லை. வெள்ளைத் தரையில் வெள்ளைத் துண்டுகள். நான் பேசிய பேச்சு பச்சையா, வெந்ததா என்று வேறு ஒரு கேள்வி.

நிற்க முடியாமல் நகர்ந்து இளையநாயகி சந்நிதிப் பக்கம் போனேன். குரு நமசிவாயர் வரலாறு நம் ஊரார் அனைவரும் அறிந்தது. தில்லைக்குப் போகும் வழியில் இங்கே தங்கியவர், பசியெடுத்ததும் அம்பிகையைக் கிழவி என்று அழைத்துச் சோறு கேட்டுப் பாடினார். கிழவியால் சோறு சுமந்து வர முடியுமா என்று முதியவளாக வந்து கேட்டாளாம் அன்னை. அவர் இளையவளாகப் பாட, இளம்பெண்ணாகிச் சோறு கொண்டு வந்தாள். தள்ளாத வயதில் எதையும் தூக்கிக்கொண்டு நடப்பது எளிதல்ல என்பதை அம்பிகையே வாய்திறந்து சொன்ன ஊர் இது. அந்த ஊரில் குடியிருந்துகொண்டு, நடுங்கும் கையைக் குற்றம் சொல்லிவிட்டு வந்து நிற்கிறேன்.

பிராகாரத்தில் நடக்கும்போது சுந்தரமூர்த்தி சுவாமிகள் நினைவுக்கு வந்தார். இத்தலத்துப் பெருமானிடம் பன்னிரண்டாயிரம் பொன் பெற்று, மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தவர். மாற்றுப் பார்க்க ஒரு துண்டுப் பொன்னை மட்டும் மச்சமாக வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார். நகைக் கடன் பார்த்தவன் என்ற முறையில் அந்த முன்னெச்சரிக்கையை எண்ணி எண்ணி மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் அன்று மனம் நின்றது பொன்னில் அல்ல. குளக்கரையில் பரவையார் உடன் நிற்கிறார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறீரே என்று அவர் நகைக்கிறார். பொன் கைக்கு வரவில்லை. மனைவி முன்னால் தலைகுனிய நேர்ந்த ஒரு கணவராக நின்றுதான் சுந்தரர் முதுகுன்றத்துப் பெருமானைப் பாடுகிறார். நம் தலத்துக்குரிய அப்பதிகம் பிறந்தது சந்நிதியில் அல்ல. ஆரூர்க் குளத்து நீரில், ஒரு குடும்பச் சங்கடத்தின் நடுவே.

அதே பரவையார் பின்னொரு நாள் கதவை அடைத்தார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து திரும்பிய சுந்தரருக்கு வீட்டில் இடமில்லை. தூது போகுமாறு சுந்தரர் கேட்க, நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் இறைவன் நடந்தார். முதல் முறை அர்ச்சகர் வடிவில் போனார். பரவையார் மறுத்து அனுப்பினார். இரண்டாம் முறை தம் வடிவிலேயே போனார். அப்போதுதான் கதவு திறந்தது.

இதைக் கேட்டு ஏயர்கோன் கலிக்காமர் கொதித்தார். ஒரு பெண்ணின் ஊடலைத் தீர்க்க ஆண்டவனையா தூது விடுவது என்று சினந்தார். சூலை நோய் வந்தபோதும், சுந்தரர் வந்து தீர்ப்பதைவிட மேல் என்று தம் வயிற்றையே கிழித்துக்கொண்டார். அவருடைய கோபம் பக்தியால் வந்தது; குறை சொல்வதற்கில்லை. பெருமானுடைய இடம் வேறு, வீட்டுச் சச்சரவின் இடம் வேறு என்று நம்மில் பலரும் அவர் பக்கம்தான் நிற்கிறோம். நானும் அப்படித்தான் இத்தனை பிரதோஷமும் பார்த்தேன். வீட்டுக் குப்பையை வாசலில் விட்டுவிட்டு, வேட்டி மாற்றிக்கொண்டு, சுவாமியிடம் போவது.

ஆனால் ஆரூர்ப் பெருமான் கலிக்காமரைப்போல் நினைக்கவில்லை. அந்த வீட்டில் சுந்தரர் பக்கம் பிழை இருந்தது. பரவையார் மனத்தில் சினம் இருந்தது. இருவரும் தணிந்து, வீட்டைப் பெருக்கி, கோலம் போட்டு அழைத்தபிறகு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. சண்டை நடக்கும்போதே வந்தார். திருப்பி அனுப்பிய பிறகும் வந்தார். அந்த அம்மையார் கடிதத்துக்கு நான் எழுதியிருக்க வேண்டிய பதில் புண்டலீகன் அல்ல, இதுதான் என்று அப்போது தோன்றியது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் கோயில் எதற்கு என்று யாரும் கேட்டு எழுத வேண்டாம். கோயிலில் நின்றதால்தானே எனக்கு இது தோன்றியது.

சுவாமி புறப்பாட்டுக்கு நிற்காமல் வீட்டுக்குப் போனேன். பிரதோஷத்தில் பாதியில் எழுந்து வந்தது அதுவே முதல் முறை.

கதவு திறந்திருந்தது. துணைவியார் கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஊக்கினால் உள்ளங்காலைக் கிளறிக்கொண்டிருந்தார். துண்டுகளை எல்லாம் பெருக்கி முறத்தில் வைத்திருந்தார். கண்ணுக்குத் தப்பிய ஒன்று காலில் ஏறிவிட்டது. நடுங்கும் கையில் ஊக்கு ஓரிடத்தில் நிற்கவில்லை. நான் அருகே உட்கார்ந்து காலை எடுத்து மடியில் வைத்தேன்.

“ஐயோ, கோயிலுக்குப் போய்ட்டு வந்து காலைத் தொடாதீங்க” என்று இழுத்துக்கொண்டார்.

“ஆடாமல் இரு” என்றேன்.

கைப்பேசி வெளிச்சத்தில் தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அரிசிக் குருணை அளவு வெள்ளைத் துண்டு. டிஞ்சர் தடவித் துணி கட்டினேன். தரையில் பாலும் காபியும் பிசுபிசுத்து எறும்பு மொய்க்கத் தொடங்கியிருந்தது. வாளியில் நீர் எடுத்துத் துடைத்தேன். அவர் உட்கார்ந்தபடியே, அங்கே விட்டுவிட்டீர்கள், இங்கே விட்டுவிட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து ஆண்டு பிறர் இருப்பைச் சரிபார்த்தவனுக்கு அதுவும் வேண்டும். விளக்கேற்றும்போது மணி ஏழரை.

“உங்களுக்கு இன்னிக்குப் பிரதோஷம் விட்டுப்போச்சே” என்றார்.

டைரியில் அந்தத் தேதியில் என்ன குறிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இழுப்பறையில் கிடந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டு அம்மையாருக்கு வேறு கடிதம் எழுதினேன். அரைப் பக்கம்தான். பரவையார் வீட்டுக் கதவைப் பற்றி எழுதினேன். ஒவ்வொரு முறையும் தலைக்குக் குளிக்க வேண்டாம், கைகால் கழுவி நீறு பூசி, எந்நேரமானாலும் விளக்கேற்றுங்கள், இது என் எண்ணம், உங்கள் குடும்பப் பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். கடிந்து பேசிவிட்ட நாளில் அழுவதற்கு அடுக்களைக்குப் போக வேண்டாம், அவர் பக்கத்திலேயே உட்காருங்கள் என்பதையும் சேர்த்தேன். எழுதும்போது, இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கூச்சமாகத்தான் இருந்தது.

மீதமுள்ள ஐந்து கோப்பைகளையும் பரணில் ஏற்றிவிட்டு எவர்சில்வர் டம்ளர் எடுக்கலாம் என்றேன். துணைவியார் ஒப்பவில்லை. பாதி ஊற்றிக் கொண்டுவருகிறேன், மீதியை நீங்கள் வந்து ஊற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். அடுத்த பிரதோஷத்துக்கு அவரும் வருவதாகப் பேச்சு. ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படி இறங்க வேண்டும். காலில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. கையைப் பிடித்துத்தான் அழைத்துப் போக வேண்டும்.